பூமயிலின் மிதப்புருண்டை

மலைச்சாலை இறங்கி இறங்கி, இனிமேல் இறங்க இடமில்லை என்று நின்றுபோகிற இடத்தில், இந்தியா முடிந்து பர்மா ஆரம்பிக்கிற கேட்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்த்தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் அழகுநாச்சி வீட்டு அண்டாவின் அடியில் அவள் மகள் பூமயிலின் உருண்டை, கொதிக்கிற தண்ணீரில் கரையாமலும் மேலே வராமலும், பல சித்திரைகளைக் கடந்து ஒட்டிக்கொண்டு கிடந்தது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் அதெப்படி என்பார்கள். தெருக்காரர்கள் அப்படிக் கேட்டதில்லை. இன்றைக்கு விறகு யார் முறை என்றுதான் கேட்டார்கள்.

அந்தத் தெருவே அப்படி ஒட்டிக்கொண்ட தெருதான். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கப்பலேறி பர்மாவுக்குப் போனவர்கள், அங்கே வயலும் கடையும் வைத்து, அங்கேயே பிள்ளைகுட்டி பெற்று, பிறகு ஒருநாள் நீங்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை என்று சொல்லப்பட்டுத் திருப்பிக் கப்பலேற்றப்பட்டார்கள். வந்து இறங்கிய ஊரில் இவர்களைப் பார்த்து, நீங்கள் பர்மாக்காரர்கள்தானே என்றார்கள். இரண்டு பக்கமும் வேண்டாமென்றால் வளர்ந்த பக்கமே போவோம் என்று சில குடும்பங்கள் ரயிலிலும் லாரியிலும் பிறகு கால்நடையாகவும் மலையேறி இறங்கி எல்லைக்கு வந்தபோது, கேட்டைச் சாத்திவிட்டார்கள். போக விடவில்லை, திரும்பிப் போக மனசும் இல்லை. கேட்டுக்குப் பக்கத்திலேயே கூரை போட்டு, ஒரு கோயிலும் ஒரு பள்ளிவாசலும் கட்டி, இட்லிக்கடை வைத்து, கிடைத்த பாஷையிலெல்லாம் பேரம் பேசக் கற்றுக்கொண்டு தங்கிவிட்டார்கள். ஆகவே ஓர் உருண்டை அடியில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, அந்தத் தெருவுக்குப் புரியாத விஷயமில்லை.

அழகுநாச்சிக்கு ஒட்டரிசி மாவுதான் பிழைப்பு. புருஷன் மஞ்சள் காமாலையில் போனபோது பூமயிலுக்குப் பால்பல் விழவில்லை. அன்றிலிருந்து அரிசியை ஊறவைத்து, கல்லில் அரைத்து, துணிப்பையில் கட்டி, மேலே அம்மிக்குழவியை ஏற்றித் தண்ணீர் வடித்து, அந்த ஈர மாவில் விதவிதமாகப் பலகாரம் செய்து சந்தையில் விற்றாள். வாழையிலையில் மடித்து அவித்தது ஒன்று, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துச் சட்டியில் ஊற்றி மேலே தகரத்தட்டில் கங்கு போட்டு, மேலும் கீழுமாக நெருப்பு வைத்துச் சுட்டது ஒன்று. ஒட்டரிசி மாவு ரோஷக்கார மாவு. தண்ணீர் ஒரு கை கூடினால் பிடித்த கையை விடாது, ஒரு கை குறைந்தால் வெடித்துக்கொண்டு தன் வழியே போய்விடும். அதை வழிக்குக் கொண்டுவரக் கொஞ்சம் சாதாரண அரிசிமாவைக் கலந்து, காதுமடல் பதத்துக்குப் பிசைய வேண்டும். மாவோடு அப்படி அனுசரித்துப் போகத் தெரிந்த அழகுநாச்சிக்கு மனிதர்களோடு போகத் தெரியாது. அவளுக்கே அது தெரியும்.

மிதப்புருண்டை வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும். சித்திரை பிறக்கும் நாளில்தான் கேட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் திருவிழாவும் வரும். தமிழ்த்தெருவில் காலையில் வேப்பம்பூப் பச்சடி, மத்தியானம் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்வது, அது முடிந்ததும் பர்மாக்காரர்கள் செய்கிற மாதிரி உருண்டை. ஒட்டரிசி மாவுக்குள் ஒரு துண்டு பனைவெல்லம் வைத்து உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அடியில் போய் உட்காரும். வெந்ததும் தானாக மேலே வரும். வந்ததை எடுத்து, தேங்காய்த்துருவல் தூவிச் சாப்பிட வேண்டும். அவர்கள் பேரை விட்டுவிட்டுத் தெரு இதற்கு மிதப்புருண்டை என்று பேர் வைத்தது.

இதில் ஒரு விளையாட்டு உண்டு. ஏதாவது ஓர் உருண்டைக்குள் வெல்லத்துக்குப் பதில் மிளகாய் இருக்கும். அந்த மலை மிளகாய் நகக்கண் அளவு போதும், ஆளைத் தூக்கி உட்காரவைக்கும். யாருக்கு அது வருகிறதோ அவரைச் சுற்றி நின்று எல்லோரும் சிரிக்க வேண்டும். சிரித்து முடிக்கும்வரை அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது. முடிந்ததும் அந்த உருண்டையை உருட்டியவர் தன் கையாலேயே தண்ணீர் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்துவிட்டால் அந்த வருஷத்து மனக்கசப்பெல்லாம் அத்தோடு போச்சு என்பது கணக்கு. பூமயில் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே கெட்டி. அம்மா எப்படியும் தனக்குத்தான் மிளகாயைத் தள்ளிவிடுவாள் என்று, தன் உருண்டையைத் தானே உருட்டி, அதில் நகத்தால் பிறை மாதிரி ஒரு கீறல் போட்டுவைப்பாள். பிறைக்கீறல் உருண்டையில் வெல்லம் தவிர வேறெதுவும் இருக்காது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

உருண்டை ஒட்டிக்கொண்ட அந்தச் சித்திரையில் மாவைப் பிசைந்தது அழகுநாச்சி, உருட்டியதெல்லாம் பூமயில். தெரு முழுக்க அழகுநாச்சி வீட்டு முற்றத்தில்தான் நின்றது. டீக்கடை சிக்கந்தர் பாய் இருந்தார், தையல்காரர் ராக்கப்பன் இருந்தார், பக்கத்து வீட்டு மீனாள் ஈரச்சேலையோடு நின்றாள். மகள் ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்ததை வாங்கி வாயில் போட்ட அழகுநாச்சிக்கு இரண்டாவது கடியில் கண் பிதுங்கியது. காது அடைத்தது. மூக்கிலும் கண்ணிலும் ஒழுகியது.

"மாட்டிக்கிச்சு, மாட்டிக்கிச்சு," என்று ராக்கப்பன் குதித்தார். "ஊருக்கெல்லாம் மொளகா வச்ச கைக்கு இன்னிக்கு மொளகா!"

தெரு சிரித்தது. யாருக்கும் அஞ்சாத, யாரிடமும் சிரித்துப் பேசாத அழகுநாச்சி மூக்கு ஒழுக நிற்பதைப் பார்க்க எத்தனை வருஷம் காத்திருந்தார்களோ, அத்தனையும் சேர்த்துச் சிரித்தார்கள். பூமயில் கையில் பித்தளை டம்ளரில் தண்ணீரோடு, சிரிப்பு முடியட்டும் என்று எதிரே நின்றாள். சிரிப்பில் எல்லாம் கரைந்துபோகும் என்று நினைத்தாளோ, தனியாகச் சொல்லப் பயந்தாளோ, அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தாள்.

"அம்மா, கோபப்படாம கேளு. நான் கோ தூன் கூடப் போறேன். அவங்க வீட்டுல சரின்னுட்டாங்க. இன்னிக்குக் கேட் தெறந்திருக்கு. நீயும் சரின்னு சொல்லிட்டீன்னா..."

கோ தூன் கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பையன். பெரிய ஆற்றில் படகு ஓட்டுகிறவன், சந்தைக்குப் பனைவெல்லம் கொண்டுவருகிறவன். அழகுநாச்சி வாங்குகிற வெல்லமே அவனுடையதுதான். சிரிப்பு பாதியில் நின்றது. அழகுநாச்சிக்கு வாய் எரிந்தது, முகம் எரிந்தது, தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மிளகாயை வாயில் வைத்து, ஊரைக் கூட்டிச் சிரிக்கவைத்து, அந்த அவமானத்தின் நடுவில் வைத்துத் தன்னை மடக்கப் பார்க்கிறாள் மகள் என்று அவளுக்குத் தோன்றியது.

"இதுக்குத்தான் மொளகாயா?" என்றாள். "போ. தாராளமாப் போ. இனி உனக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல."

பூமயில் டம்ளரை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, உடுத்திய ஈரத்துணியோடு கேட்டைப் பார்த்து நடந்தாள். அவள் உருண்டையை அவள் சாப்பிடவேயில்லை. அது அண்டாவில் இருந்தது.

எல்லோரும் போன பிறகு அண்டாவைக் கழுவப் போன அழகுநாச்சி அடியில் ஓர் உருண்டை கிடப்பதைப் பார்த்தாள். பிறைக்கீறல் மேலே தெரிந்தது. வேகட்டும், வந்துவிடும் என்று விட்டாள். வரவில்லை. கரண்டியால் நெம்பினாள், அசையவில்லை. தண்ணீரை இறுத்துவிட்டு அண்டாவைக் கவிழ்த்தாள். தலைகீழாகத் தொங்கியது, விழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். காலையில் பார்த்தபோது உருண்டை நிறம் மங்கி, ஓரம் சுருங்கி, காய்ச்சல்காரக் குழந்தையின் முகம் மாதிரி இருந்தது. அவள் அவசரமாகத் தண்ணீர் ஊற்றி நெருப்பு மூட்டினாள். கொதி வந்ததும் உருண்டை பழையபடி வெளுத்து, திரண்டு, பளபளவென்று உட்கார்ந்தது.

அழகுநாச்சி அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். "ஒட்டில்லன்னு வாய் சொல்லிருச்சு," என்று மீனாளிடம் சொன்னாள். "இது ஒட்டிக்கிட்டிருக்கு."

"அப்ப நெருப்பை விட்டுறாதக்கா," என்றாள் மீனாள். அதிசயம் என்றோ, பேய் என்றோ அவள் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு கட்டு விறகு கொண்டுவந்து போட்டாள்.

அன்றிலிருந்து அண்டா கொதித்தது. மழையில் கூரை ஒழுகியபோதும் கொதித்தது, மலைச்சாலை சரிந்து அரிசி வராமல் போன மாசங்களிலும் கொதித்தது, ஊரில் கலகம் வந்து கடைகள் சாத்திய நாட்களில் வேறெந்த வீட்டிலும் அடுப்பு எரியாதபோதும் கொதித்தது. இது இப்படித்தான் என்று ஆகிவிட்ட பிறகு, எரிகிற நெருப்பை வீணாக்குவானேன் என்று தெரு அதை உபயோகப்படுத்திக்கொண்டது. பிள்ளை பெற்றவளுக்குக் குளிக்க வெந்நீர் அங்கிருந்து போயிற்று. சிக்கந்தர் பாய் டீக்குத் தண்ணீர் மொண்டுகொண்டு போனார், பதிலுக்கு நாள் தவறாமல் ஒரு கிளாஸ் டீயை மேடையில் வைத்தார். எடுத்த தண்ணீருக்குத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும் என்பது மட்டும் சட்டம். விறகுக்கு முறை வைத்துக்கொண்டார்கள், அந்த முறையில் பள்ளிவாசலும் உண்டு, கோயிலும் உண்டு.

கோயில் பூசாரி ஒருநாள் வந்து எட்டிப் பார்த்து, இதற்கு மந்திரம் எதுவும் தனக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுத் திருநீறு பூசிப் போனார். புதிதாக மாற்றலாகி வந்த கேட்டு அதிகாரி, எல்லையோரத்தில் இரவும் பகலும் என்ன புகை என்று விசாரிக்க வந்தார். குனிந்து பார்த்தார். "இதில் என்ன வேகிறது?" என்றார். "என் மக," என்றாள் அழகுநாச்சி. அவருக்கும் தூரத்தில் ஒரு மகள் இருந்தாள் போலிருக்கிறது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எதுவும் எழுதிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

தெருவில் சண்டையின் சுபாவமே மாறிப்போயிற்று. அண்ணன் தம்பி வேலிக்காக அடித்துக்கொள்வார்கள், மாமியார் மருமகள் உப்புக்காக வாரக்கணக்கில் பேசாதிருப்பார்கள், அதெல்லாம் நிற்கவில்லை. ஆனால் கோபம் உச்சத்துக்கு ஏறி அந்த ஒட்டு என்கிற வார்த்தை நாக்கு நுனிக்கு வரும்போது, யாராவது ஒருவர் அழகுநாச்சி வீட்டுப் புகையைப் பார்ப்பார்கள். வார்த்தை அப்படியே உள்ளே போய்விடும். தெருவுக்கு அந்த அண்டாவால் நல்லதுதான் நடந்தது. அழகுநாச்சிக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை.

பூமயில் போன பிறகு சில வருஷம் கேட் ஒழுங்காகத் திறந்தது. விடிந்ததும் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பலாம், அதிகாரி நல்லவராக இருந்தால் இரண்டொரு நாள் தங்கியும் வரலாம். தேயிலை வாங்க ஆற்றங்கரை வரைக்கும் போன சிக்கந்தர் பாய் திரும்பி வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அண்டாவுக்கு வந்தார்.

"பொண்ணைப் பாத்தேன்," என்றார். "நல்லாருக்கு. படகுத்துறையில கடை போட்டிருக்கு. நம்ம உருண்டைதான். வருஷம் பூராவும் போடுது."

அழகுநாச்சி விறகைத் தள்ளிவிட்டாள். "என்ன சொன்னா?"

"அம்மா ஒருதரம் வந்து கூப்பிட்டா வரேன்னு சொல்லிச்சு."

"உருண்டை இருக்குன்னு சொன்னீங்களா பாய்?"

"சொன்னேம்மா. சிரிச்சுது. அப்புறம், அம்மா அன்னிக்குத் தண்ணி குடிச்சாங்களான்னு கேட்டுச்சு."

அழகுநாச்சி அடுப்பு மேடையைப் பார்த்தாள். அந்தப் பித்தளை டம்ளர் மேடையின் மூலையில் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. அதில் அவள் அதற்குப் பிறகு குடித்ததேயில்லை.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, பனைவெல்லமும் ஒட்டரிசி மாவும் ஒரு தூக்குவாளியில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மீனாளை அடுப்பில் உட்காரவைத்து, இந்த விறகுக்குப் பிறகு அந்த விறகு, தண்ணீர் இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் இந்தச் சொம்பு என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தெரு வாசலில் நின்று வழியனுப்பியது. கேட்டு வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு கோழிக்கூடைக்காரியும் இரண்டு பிக்குகளும் நின்றார்கள். கோழிக்கூடைக்காரியை உள்ளே விட்டார்கள், பிக்குகளை விட்டார்கள். அழகுநாச்சி ஒருதரம் திரும்பித் தன் கூரையைப் பார்த்தாள். மேலே புகை இல்லை.

தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். நல்ல சேலை முள்வேலியில் கிழிந்தது. மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தபோது நெருப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. மீனாள் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். உருண்டை பளபளவென்று அடியில் இருந்தது. காற்று திசை மாறியதில் புகை மறுபக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"நான்தான் இருக்கேனேக்கா. என்னை நம்பலியா?" என்றாள் மீனாள்.

"நாளைக்குப் போறேன்டி."

மறுநாள் விறகு ஈரமாக இருந்தது, போகவில்லை. அதற்கடுத்த நாள் அண்டா ஒழுகுவது மாதிரி இருந்தது, போகவில்லை. அவளுக்கு மகளைப் பார்க்க ஆசையில்லை என்று யாரும் சொல்ல முடியாது, ஆசை தின்றது. ஆனால் மகள் ஆற்றங்கரையில் இருந்தாள் என்பது பாய் சொன்ன செய்தி, மகள் அண்டாவில் இருந்தாள் என்பது அவள் கண்ணால் கண்டது. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பிள்ளையிடம் போகாமல் இருந்தாள். இதைவிட முட்டாள்தனம் உலகத்தில் உண்டா என்று கேட்கலாம். தெருவும் கேட்டது, தனக்குள். அவளிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அப்புறம் அந்தப் பக்கத்தில் நிலைமை கெட்டது. துப்பாக்கிச் சத்தம் ஆற்றுப்பக்கமிருந்து மலையில் முட்டித் திரும்பி வந்தது. கேட்டை இழுத்துச் சாத்தி, சங்கிலி போட்டு, சங்கிலி துருப்பிடித்த பிறகும் திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கதவு இருந்தது. மருந்துக்கும் சாவுச் செய்திக்கும் மட்டும் அதைத் திறப்பார்கள். தினமும் சாயங்காலம் அழகுநாச்சி வாசலுக்கு வந்து அந்தச் சின்னக் கதவைப் பார்ப்பாள், அது சாத்தியிருந்தால் நிம்மதியாக உள்ளே போய் விறகு வைப்பாள். அவள் தலை நரைத்தது. அண்டா கொதித்தது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், மாவு மூட்டையின்மேல் குழவியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அண்டாவின் மூடியில் உள்ளிருந்து ஏதோ லேசாகத் தட்டியது. அவள் திரும்பவில்லை. மறுபடி தட்டியது. போய் மூடியைத் தூக்கினாள். உருண்டை மேலே வந்து, கொதியில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறைக்கீறல் ஒரு சுற்றுக்குத் தெரிந்தது, மறு சுற்றுக்கு மறைந்தது.

செய்தி அவள் சொல்லாமலே பரவியது. தெரு முற்றத்தில் கூடியது. யார் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றபோது ராக்கப்பன்தான், வயசாகிப் பல் போன வாயால், முதலில் பேசினார். "வெந்தா மேல வரணும். மேல வந்தா வீட்டுக்கு வரணும். பொண்ணு வருதப்பா. வேறென்ன?"

வேறென்ன என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். வேறென்ன என்று அவரவர் வீட்டில் போய்ச் சொன்னார்கள். தெருவைக் கூட்டினார்கள், வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள், தெருமுனையில் இரண்டு வாழைமரம் கட்டினார்கள். மீனாள் பூமயிலுக்குப் பிடித்த பச்சைநிறத்தில் ஒரு சேலை எடுத்து மடித்து வைத்தாள். சிக்கந்தர் பாய் தள்ளாத வயசில் கேட்டுக்குப் போய், ஒரு பெண் வருவாள், பார்த்து உள்ளே விடுங்கள் ஐயா என்று காவல்காரனிடம் சொல்லிவிட்டு, அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். இவ்வளவு சந்தோஷமாக அந்தத் தெரு ஒரு கல்யாணத்துக்குக்கூடத் தயாரானதில்லை.

அழகுநாச்சி எதிலும் சேரவில்லை, எதையும் தடுக்கவும் இல்லை. உருண்டையை எடுத்துக் கிண்ணத்தில் வைக்கவா என்று மீனாள் கேட்டபோது, "அவ வந்து எடுக்கட்டும்," என்றாள். ஆனால் வாசலில் போட்ட கோலத்தை அவள் எட்டிப் பார்க்கவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது விட்டுவிட்டால் என்ன அர்த்தம் என்று மற்றவர்களைவிட அந்த மாவோடு காலம் கழித்தவளுக்குத் தெரியும்.

வாழைமரம் வாடுவதற்குள் செய்தி வந்தது. கேட் திறக்கவில்லை. சின்னக் கதவு திறந்தது. அது திறந்ததைப் பார்த்ததும் சிக்கந்தர் பாய் கல்லைவிட்டு எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, உள்ளே வந்தவன் முகத்தைப் பார்க்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கோ தூனுக்கும் காதோரம் நரைத்திருந்தது. இரண்டு பேரும் கோலத்தை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து வந்தார்கள். ஒவ்வொரு வாசலாக நின்றவர்கள் ஒன்றும் கேட்காமல் அவர்களுக்குப் பின்னால் வந்தார்கள்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டான். பூமயில் சொல்லிக்கொடுத்த தமிழ் அவனிடம் கொஞ்சம் இருந்தது.

"அம்மா," என்றான். "ஜொரம். மருந்து இல்ல. போன பதினாலாம் பக்கம் பிறைக்கு முந்தி."

அவன் கணக்கு யாருக்கும் சரியாகப் புரியவில்லை. அது உருண்டை மேலே வந்த நாள்தான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"எதாவது சொன்னாளா?" என்றாள் அழகுநாச்சி.

"சொல்லிக்கிட்டே இருந்தா. அம்மாவுக்குத் தண்ணி குடுக்கணும், தண்ணி குடுக்கணும்னு. அது மட்டும்."

அழகுநாச்சி எழுந்தாள். கண்ணில் ஒன்றும் இல்லை. கரண்டியால் உருண்டையைக் கோரிக் கிண்ணத்தில் எடுத்தாள், தேங்காய் துருவித் தூவினாள். எல்லாம் சித்திரை நாளில் செய்கிற மாதிரியே நிதானமாகச் செய்தாள். "வெந்துபோச்சு. இனி வச்சிருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, மகளின் வெல்லத்தைத் தான் தின்ன வேண்டிவந்ததே என்று வாயில் போட்டாள்.

இரண்டாவது கடியில் அவள் கண் பிதுங்கியது. காது அடைத்தது. மூக்கிலும் கண்ணிலும் ஒழுகியது. அவள் அப்படியே அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா?" என்று மீனாள் தாங்க வந்தாள்.

"மொளகா," என்றாள் அழகுநாச்சி. "இதுலயும் மொளகா. அவளுது. பிறை போட்டு அவளே உருட்டினது." வார்த்தை வரவில்லை, நாக்கு எரிந்தது. "எனக்கப்புறம் தானும் தின்னலாம்னு வச்சிருக்கா. என்னைப் பாத்து மட்டும் ஊர் சிரிக்கக் கூடாதுன்னு. ரெண்டு பேரையும் பாத்துச் சிரிக்கட்டும்னு. அதுக்குள்ள நான்..."

அப்போதுதான் அவள் அழுதாள். போன அன்றைக்கு அழாதது, பாய் செய்தி கொண்டுவந்த அன்றைக்கு அழாதது, கேட்டைச் சாத்திய அன்றைக்கு அழாதது, இத்தனை வருஷமும் நெருப்பு அணைந்துவிடும் என்று அடக்கிவைத்தது எல்லாம் வந்தது. மிளகாய்க்கு அழுகிறாளா மகளுக்கு அழுகிறாளா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. தெரு தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

அவள் அழுதுகொண்டே நிமிர்ந்தாள். "சிரிங்க," என்றாள்.

யாரும் அசையவில்லை.

"அன்னிக்குப் பாதியில நின்னுபோச்சு. சிரிச்சு முடிச்சாத்தானே தண்ணி. எவ்வளவு நாள் அவளைத் தண்ணியோட நிக்கவைப்பீங்க? சிரிங்க."

ராக்கப்பன் பல்லில்லாத வாயைத் திறந்து சிரிக்கப் பார்த்தார். ஒரு மாதிரிச் சத்தம் வந்தது. மீனாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிக்கந்தர் பாய் தோள் குலுங்கச் சிரித்தார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், அன்றைக்குப் பிறக்காதவர்கள்கூட, எதற்கென்று தெரிந்தே, கன்னமெல்லாம் நனையச் சிரித்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டார்கள். பாதியில் நின்ற சிரிப்பை ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் சிரித்து முடித்தார்கள்.

சத்தம் அடங்கியதும் கோ தூன் மேடை மூலையில் கவிழ்த்திருந்த பித்தளை டம்ளரை எடுத்தான். எதற்கு அது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. குடத்திலிருந்து மொண்டு, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான். அழகுநாச்சி வாங்கி, பாதியைக் குடித்தாள். மீதியை அடுப்பில் ஊற்றினாள்.